அப்பா செத்த காட்சி

என் அழுகையைப் பார்த்துத்தான் கொழும்புத் தமிழர் எல்லாரும் அழுதார்கள் என்று நாற்பது வயது தாண்டும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலும் அதைச் சொன்னேன். பெண்ணின் தகப்பன் மரியாதையாக, "அப்பிடியோ, என்ன படம் அது?" என்று கேட்டார். கதையை முழுதாகச் சொன்னேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை.

இன்றைக்கு வெள்ளவத்தையில் கைபேசி வைத்திருக்கிற பிள்ளையெல்லாம் படம் எடுக்கிறது. காலையில் எடுத்து, மத்தியானம் வெட்டி ஒட்டி, பின்னேரம் உலகத்துக்கே காட்டிவிடுகிறது. எங்கள் மாமா படம் எடுத்த காலத்தில் அதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருந்தது. நல்ல நேரத்துக்காக அல்ல, கெட்ட நேரத்துக்காக. கமரா, கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருந்த முஸ்லிம் நானாவுடையது. அவருக்குத் தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் வாடிக்கை என்றாலும் முக்கால்வாசி உழைப்பு எங்கள் கலியாணங்களில்தான். ஆகவே கலியாணம் நடக்காத ஆடி மாதத்தில்தான் கமரா சும்மா கிடக்கும். மாமா தன் வாழ்க்கையின் முதல் படத்தை ஆடியில் தொடங்கி ஆடியிலேயே முடிக்கத் திட்டம் போட்டார்.

மாமா அம்மாவின் தம்பி. ஒரு கப்பல் கொம்பனியில் கணக்கு எழுதிக்கொண்டு, காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் எங்களோடேயே தங்கியிருந்தார். கதை, வசனம், இயக்கம், விநியோகம் எல்லாம் அவரே. காதல், கடத்தல், சத்தியம் செய்யும் பொலிஸ் அதிகாரி என்று கதையில் எல்லாம் இருந்தன. நடுவில் கதாநாயகனின் தகப்பன் சாகிறார். அவர் ஏன் சாகிறார், செத்ததால் கதையில் என்ன மாறுகிறது என்று அன்று நான் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த பாத்திரம் சின்ன வயதுக் கதாநாயகன். பத்து வயதில் ஒருவனுக்கு அப்படியொரு பதவி கிடைத்தால் அவன் கதையைப் பற்றிக் கவலைப்பட மாட்டான்.

வங்கியில் வேலை பார்த்த அப்பா, வசனம் பாடமாக்கத் தேவையில்லாத ஒரே பாத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிணம்.

அம்மா கடைசிவரை மாட்டேன் என்றுதான் நின்றார். "எனக்கு நடிக்கத் தெரியாதடா."

"நீ நடிக்க வேண்டாம் அக்கா. 'என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டியளே' எண்டு ஒருக்காச் சொன்னாக் காணும்."

செத்தவீட்டுக் காட்சி ஆடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து விழுந்தது. அடுத்த ஞாயிறு ஆவணி, நானாவின் கமரா கலியாண வீடுகளுக்குப் போய்விடும். விட்டால் கலியாணமில்லாத மார்கழிதான். ஆனால் தீபாவளிக்குக் கசெற் கையில் வந்தால்தான் எடுப்போம் என்று வீடியோக் கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆக, அன்று இல்லையென்றால் படமே இல்லை.

சனமாக உட்கார்ந்து அழுவதற்கு மாமாவின் கப்பல் கொம்பனிக் கந்தோர்ச் சிநேகிதர்கள் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அன்று தொலைக்காட்சியில் கிரிக்கெட். ஒருவரும் வரவில்லை. விறாந்தையில் பாய் விரித்து, தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றி, அப்பா வேட்டியோடு மூக்கில் பஞ்சு வைத்துப் படுத்திருந்தார். அழுவதற்கு அம்மாவும் நானும் மட்டும். மாமா பல்கனிக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பற்றரி கொஞ்சம்தான் ஈக்கி," என்றார் நானா. "ரெண்டு பேர் அழுதா அது மையத்து வூடா? எடுக்கிறதா, வாணாமா?"

"எடுங்கோ நானா," என்றார் மாமா, அழாத குறையாக. "அக்கா, தொடங்கு."

அம்மா தொடங்கினார்.

முதல் குரலிலேயே நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கையில் பிசைந்து வைத்திருந்த வெங்காயத்தை நான் கண்ணுக்குக் கொண்டுபோகவே மறந்துவிட்டேன். திறந்திருந்த கதவால் அந்தக் குரல் படிக்கட்டில் இறங்கி, மாடி மாடியாகக் கதவுகளைத் தட்டியது. அந்தக் காலத்தில் வெளிநாட்டிலுள்ள சகோதரங்களுக்கு அனுப்புவதற்காகச் செத்தவீட்டையும் வீடியோ எடுப்பார்கள். ஆடி மாதத்தில் நானா கமராவோடு மாடியேறினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அவர் ஏறியதைக் கண்டவர்களுக்கு இப்போது அழுகைச் சத்தமும் கேட்டது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இரண்டாம் மாடி அன்ரி கூந்தலை முடிந்தபடி ஓடி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். பின்னால் அவருடைய மகள்மார். நாலாம் மாடியிலிருந்து இரண்டு குடும்பம். வாசலில் செருப்புகள் குவிந்தன. கீழே வாசற்படலையில் காவற்காரர் சாவுக்கு அடையாளமாக வெள்ளைத்துணி கட்டிவிட்டார். அதைக் கண்டு ஒழுங்கையில் போன சனமும் ஏறி வந்தது. எந்த இயக்குநருக்கும் கிடைக்காத கூட்டம் சம்பளம் கேட்காமல் வந்து அழுதுகொண்டிருந்தது. மாமா நானாவின் தோளைப் பிடித்து அங்கே, இங்கே என்று திருப்பிக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொரு முறையும் சனத்தை இடித்துக்கொண்டு கமராவுக்கு முன்னால் போய் நின்று அழுதேன்.

முதலாம் மாடி ஐயா ஒருவர் தண்ணீர்ப் பம்ப் விஷயமாக அப்பாவோடு ஒரு வருடமாகக் கதைக்காதவர். அவர் பாயருகே குந்தி, "நல்ல மனுசன். கொஞ்சம் வாய்தான்," என்றார். செத்த அப்பாவின் புருவம் ஏறி இறங்கியது. பிறகு ஐயா எழுந்து கமராவைப் பார்த்து, கனடாவிலிருந்த என் பெரியப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். "தம்பியை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ அண்ணை. எல்லாம் நாங்கள் நிண்டு பாப்பம்."

அம்மா எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்லவேயில்லை. "ஐயா, என்ரை ஐயா, கடைசியா ஒருக்கா உங்கட முகத்தைப் பாக்கக் கிடைக்கேல்லையே," என்று அப்பாவின் காலடியில் தலையை முட்டி முட்டி அழுதார். புருஷனை ஏன் ஐயா என்று அழைக்கிறார், எதிரிலேயே கிடக்கிறவரின் முகத்தை ஏன் பார்க்கக் கிடைக்கவில்லை என்கிறார் என்று எனக்குக் குழப்பம். வசனத்தை மறந்துவிட்டார் என்று எரிச்சல்கூட வந்தது. திருத்த வேண்டிய மாமாவோ சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

"தம்பி, பற்றரி முடியுது," என்றார் நானா.

மாமா இந்தப் பக்கம் திரும்பி, "கட்!" என்றார்.

சொன்ன சொல் கேட்கும் நடிகரான அப்பா உடனே எழுந்து உட்கார்ந்து, மூக்குப் பஞ்சை எடுத்துவிட்டு, "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார்.

அலறலைப் பற்றி எழுதத் தேவையில்லை. முதலாம் மாடி ஐயா இரண்டு பேரைத் தாண்டிப் பாய்ந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, "உமக்கெல்லாம் வெக்கமில்லையோ காணும்!" என்று கத்தினார். ஒரு வருடத்துக்குப் பிறகு அப்பாவோடு அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அதன்பின் இருவரும் நல்ல சிநேகிதர்கள்.

அம்மா மட்டும் நிறுத்தவில்லை. "அக்கா, கட் சொல்லியாச்சு," என்று மாமா குனிந்து சொன்னார். அம்மாவைப் பிடித்திருந்த பெண்களும் விடவில்லை. பிணம் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, அவர்கள் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தார்கள். நல்ல நடிகைகள் என்று நினைத்தேன்.

போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த காலம் அது. அந்த வருடம் சித்திரையில் ஊரில் அம்மாவும் மாமாவும் ஐயா என்று கூப்பிடும் அவர்களுடைய தகப்பன் இறந்துபோனார். யாரோ சொல்லி அனுப்பி எங்களுக்குத் தெரியவந்தபோது முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிந்திருந்தது. செய்தி வந்த அன்று அம்மா குளித்துவிட்டு வந்து வழக்கம்போலச் சமைத்தார். மாமா வேலைக்குப் போனார். எங்கள் மாடிகளில் அப்படிச் செத்தவீட்டுக்குப் போக முடியாமற்போன ஒருவராவது இல்லாத வீடு இருக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாத செய்திகள் அல்ல. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

தீபாவளிக்குப் படம் தயார். விறாந்தையில் இரண்டு வீடியோ டெக்குகளைத் தொடுத்து ஒவ்வொரு கசெற்றாகப் பிரதி எடுத்தோம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைவரை பஸ்ஸில் கடை கடையாகக் கொண்டுபோனோம். மாமா பேசுவார். நான் சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி நிற்பேன், கடைக்காரர் என்னை அடையாளம் காண்பதற்கு வசதியாக. எந்தக் கடையிலும் எங்கள் படம் தட்டில் நிற்கவில்லை. எப்போது கேட்டாலும் வாடகைக்குப் போயிருந்தது. கொண்டுபோனவர்கள் பார்த்துப் பார்த்து அழுவதாகவும் கேள்விப்பட்டோம். மாமா அடுத்த படத்துக்குக் கதை எழுதத் தொடங்கினார். நான் கையெழுத்துப் போட்டுப் பழகினேன்.

மார்கழியில் கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டு, கசெற்றை மேசையில் வைத்து மாமாவிடம் தள்ளினார்.

"இதுக்கு வேற கொப்பி ஒண்டு தாரும் தம்பி. செத்தவீடு வாற இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்து, அது தேஞ்சு கோடு கோடா விழுது. முன்னுக்கும் பின்னுக்கும் புதுசு மாதிரி இருக்கு, ஒருத்தரும் பாக்கேல்லை. அடுத்த முறை உந்தக் கதையளை எழுதி மினக்கெடாதையும்."