சாம்பல் நிற மலைகளின் நர்சம்மா

மகிழினி மாடிப்படியில் பாதியில் நிற்கிறாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, நிதானமாக மூச்சை இழுத்து விட்ட பிறகுதான் அடுத்த படி. கீழ்வீட்டுக் கோதண்டம் மாமா சிரிக்கிறார். “இன்னாமே, ரெண்டாவது மாடிக்கே நாக்கு தள்ளுது?”

“அங்க மூச்சை சில்லறையாத்தான் செலவு பண்ணணும் மாமா. பழக்கம் போவல.”

அங்கே என்றால் லடாக்கில், பதினாலாயிரம் அடி உயரத்தில், முப்பது வீடுகள் கொண்ட ஓர் ஊர். என் தங்கை அங்கே நர்ஸ்; இப்போது லீவில் வந்திருக்கிறாள். எங்கள் வியாசர்பாடிக் குடியிருப்பில் அவ்வளவு உயரம் போய் வேலை பார்ப்பவர் வேறு யாரும் இல்லை.

வடசென்னையை வைத்தே அந்த ஊரைச் சொல்லிவிடுவாள். “எண்ணூர்ல சாம்பல் மேடு பாத்துக்கிறல்லண்ணா? மலைங்கோ அந்தக் கலரு. ஒரு மரம் கெடையாது. ஏரி கீது, நம்ம புழல் ஏரி மாரி பெருசு. ஆனா உப்பு, வாயில வெக்க முடியாது. மழையே இல்ல. மேல பனி உருகி ஒரு ஓடை வருது பாரு, அதான் ஊருக்கு உசுரு.” பச்சை என்று இருப்பது அந்த ஓடையோரத்து பார்லி வயல் மட்டும்தானாம்.

இந்த வெயிலிலும் வெந்நீர்தான் குடிக்கிறாள். உதட்டில் எந்நேரமும் வாசலின்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “வேலைய எழுதிக் குட்த்துட்டு வந்துடு. இங்க இல்லாத ஆஸ்பத்திரியா?” லீவு முடியப் போகிறது, தினமும் இதே பேச்சு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த ஊரிலிருந்து ஃபோன். ஜீப்பில் பிரசவ வலியோடு ஒரு பெண். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓட்டுபவர் ஊருக்குப் புதியவர், ஓடையைக் கடந்து குறுக்கே போகப் பார்த்தார். மகிழினி இந்தியில் அதட்டினாள். பிறகு எங்களிடம் சொன்னாள்: “ஓடைல எறங்காதன்னு சொல்லிட்டேன். காலைல முட்டியளவு தண்ணிதான். வெயில் ஏறிச்சின்னா பனி உருகி, மத்தியானம் ஜீப்பையே பெரட்டிடும். ஏரிக்கரையோரமா சுத்திப் போவச் சொன்னேன். மலைய தாண்டுற வரிக்கும் சிக்னல் கெடைக்காது.”

அம்மா மிக்ஸியை நிறுத்தினாள். மகிழினி கண்ணை மூடி, முழங்காலில் விரலால் மெல்லக் கோடு இழுத்துக்கொண்டே இருந்தாள். “இப்ப உப்புத்தரை... இப்ப மேடு... மெதுவா போ நைனா, மெதுவா...”

விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டுக் கத்தினாள். “பொண்ணு! ரெண்டு பேரும் நல்லாகீறாங்கோ!”

அம்மா மறுநாள் காலையில் பரண்மேல் இருந்த மகிழினியின் தடித்த கம்பளிக் கோட்டை இறக்கி, உதறி, தெருவே பார்க்கும்படி மாடிக் கம்பியில் விரித்தாள். வெயில் நகர நகர, அவளே அதைத் திருப்பித் திருப்பிப் போட்டாள்.