கடைசிப் போத்தல்

மகள் தன் மாப்பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டதால் கலியாணத் தரகர்களிடம் இருந்து தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஊரில் என் அக்காமாருக்கு மாப்பிள்ளை தேடிய காலத்தில் அந்தத் தரகர்மார் எங்கள் வீட்டுப் பலகாரத்தையெல்லாம் தின்று தீர்த்ததைக் கண்டவன் நான். ஒஸ்லோவில் அந்தக் கரைச்சல் இல்லை என்று நிம்மதியாக இருந்த என்னை ஒரு வைன் தரகன் வந்து பிடித்தான்.

நான் குடிகாரன் இல்லை. நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிய காலத்தில் குளிருக்கு இரண்டு வாய் விஸ்கி குடித்ததுண்டு. ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டத் தொடங்கியதும் அதுவும் நின்றது. வைன் என்றால் கெட்டுப்போன திராட்சைச் சாறு, அவ்வளவுதான் என் அறிவு.

மாப்பிள்ளைப் பெடியன் நோர்வேக்காரன். தங்கமான பிள்ளை. என் மனிசி வைத்த குழம்பை மூக்கும் கண்ணும் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டவன். அவனுடைய தாயும் தகப்பனும் முதன்முதலாக ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வடிவான காகிதம் சுற்றிய ஒரு நீட்டுப் பெட்டியைத் தகப்பன் என் கையில் தந்தார். நல்ல கனம். நன்றி சொல்லி மனிசியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வந்தவர்கள் இருக்கும்போதே பரிசைப் பிரித்துப் பார்ப்பது எங்களிடம் இல்லாத பழக்கம். அது ஆலாய்ப் பறக்கிற ஆட்கள் செய்கிற வேலை. மகள் அந்நேரம் குசினியில் கோப்பி போட்டுக்கொண்டு நின்றாள்.

சம்பந்தி கொஞ்ச நேரம் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எங்கள் கலியாணத்தன்று ஒரு வைன் குடித்தோம். பிரான்சில் ஒரு சின்ன மலைக்கிராமத்து வைன். இப்போது அது எங்கேயும் கிடைக்காது." கிராமத்தின் பெயரும் சொன்னார், ஆண்டும் சொன்னார், மறுபடி கதவைப் பார்த்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாய்திறந்து கேட்கமாட்டார்கள், சாடையாகத்தான் சொல்வார்கள். ஊரில் ஒருவர் "எங்கட வளவிலை தண்ணி கொஞ்சம் தட்டுப்பாடு" என்று பெருமூச்சு விட்டால், கிணற்றோடு காணி கேட்கிறார் என்று அர்த்தம். அவர்கள் போனதும் மனிசியிடம் சொன்னேன்.

"மனிசன் சீதனம் கேட்டிட்டார்."

"எவ்வளவு?"

"ஒரு போத்தல்."

அவள் தலையில் கைவைத்துச் சிரித்தாள். அந்தப் பெட்டியையாவது பிரித்துப் பார்ப்போம் என்றால் விடவில்லை. "மாப்பிள்ளை வீட்டாற்றை முதல் சாமான். கலியாணம் முடிஞ்சுதான் பிரிக்கிறது. வெள்ளிக் கரண்டிச் செட்டாயிருக்கும், கனத்தைப் பாருங்கோவன்" என்றாள். சந்தனமும் குங்குமமும் வைத்து, உள்ளறைச் சுவரில் இருந்த சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள். காலையும் மாலையும் அதற்கும் சேர்த்து விளக்கு எரிந்தது.

சில நாள் கழித்து மகள் அழுத முகத்தோடு வந்தாள். "அப்பா, உங்களுக்கு இந்தக் கலியாணம் விருப்பமில்லையெண்டு அவரின்ரை அப்பா நினைக்கிறாராம். ஏனெண்டு கேட்டால் சொல்லுறாரில்லையாம்."

சொல்லாவிட்டால் என்ன, எனக்குத் தெரியுமே. கேட்டதற்கு ஒரு மறுமொழியும் இல்லாமல் கல்லுப்போல இருந்தால் எந்தச் சம்பந்திதான் அப்படி நினைக்கமாட்டார்? நாள் குறிக்க அவர்கள் திரும்ப வரும்போது அந்த வைன் மேசையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் என் பிள்ளை போகிற வீட்டில் காலமெல்லாம் தலைகுனிந்து நிற்பாள். எனக்கு நித்திரை போய்விட்டது.

இந்த நாட்டில் வைன் விற்பது அரசாங்கக் கடை. அங்கே நின்றவர் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, வருத்தப்பட்டுத் தலையாட்டினார். வெளிநாட்டுக் கடையில் இருந்து நாங்களே வருவிக்கலாம் என்று சட்டம் விட்ட புதுசு அது. எங்கள் கட்டடத்தில் கீழே தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் இருந்தார், கணினி வேலைக்கு வந்தவர். "நெட்ல கிடைக்காததே இல்ல சார், உக்காருங்க" என்றார். உண்மைதான், கிடைத்தது. விலையைப் பார்த்துவிட்டு, இது போத்தலின் விலையா, அந்த மலையின் விலையா என்று கேட்டேன்.

விற்பவன் லண்டனில் இருந்த ஒரு தரகன். தொலைபேசியில் குரல் தேன். ஐரோப்பாவிலேயே இதுதான் கடைசிப் போத்தல் என்றான். நான் சந்தைக்குப் போய்ப் பழகினவன். "வேண்டாம், நீரே வைச்சிரும்" என்று போனை வைத்தேன். அடுத்த நாள் அவனே திரும்ப அழைத்தான், விலை இறங்கியிருந்தது. ஆனால் காப்புறுதி, களஞ்சியக் கூலி, போத்தல் அசல்தான் என்பதற்கு ஒரு கடதாசி, அந்தக் கடதாசிக்கு ஒரு கூலி என்று அடுக்கினான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன்.

இருந்தாலும் வாங்கத் துணிந்துவிட்டேன். பிள்ளையின் காரியம். காசைக் கட்டப்போன நேரத்தில் கீழ்வீட்டுத் தம்பி என் கையைப் பிடித்தார். "சார், ஒரு நிமிஷம். போன வாரம் இதே பாட்டில் வித்துப்போச்சுன்னு போட்டிருந்தான். இதே படம், லேபிள்ல இதே கிழிசல். அதுக்கு முன்னாடியும் வித்திருக்கான்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று மனிசி சொல்வாள். அன்றைக்கு அது மூக்கையும் தாண்டியது. போனை எடுத்து, தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் அவன்மேல் கொட்டினேன். இங்கிலீஷ் முடிந்ததும் நோர்வேஜியம். அதுவும் முடிந்ததும் தாய்மொழி: "உன்ரை கடைசிப் போத்தல் என்ன கறுவேப்பிலை மரமோ, ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்க?" அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்கள் ஆர்வத்துக்கு மிக்க நன்றி ஐயா என்றான். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், ஆனால் கை வெறுங்கை.

நாள் குறிக்கிற மாலை வந்தது. மேசை நிறையக் கறிகள், நடுவில் மாம்பழச் சாறு. சம்பந்தி மரியாதையாகக் கைகுலுக்கினார், முகத்தில் சிரிப்பில்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்போம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மனிசி, "முதல்லை எல்லாரும் வந்து சாமியைக் கும்பிடுங்கோ, பிறகு நாளைப் பாப்பம்" என்று உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சம்பந்தி சாமித்தட்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "என் வைன் ஏன் இங்கே இருக்கிறது?"

நான் பெட்டியைப் பார்த்தேன். மனிசியைப் பார்த்தேன். மகள், "அப்பா, நீங்கள் இதைத் திறக்கவே இல்லையா?" என்றாள்.

தேடாத இடமில்லாமல் தேடி, லண்டன்காரனோடு தொண்டை கிழியச் சண்டைபிடித்த அந்த வைன், விபூதி மணக்க எங்கள் வீட்டில் படுத்திருந்தது. சம்பந்தியின் கலியாண வைனில் மிஞ்சிய ஒரே போத்தலாம். மகனுக்குப் பெண் தருகிற வீட்டுக்கென்று இத்தனை காலம் காத்துவைத்திருந்தாராம். சாடை காட்டியது சீதனத்துக்கு இல்லை, திறந்து பாருங்கள் என்பதற்கு.

"பார்க்காமலே எடுத்து ஒளித்தீர்கள்," என்றார் சம்பந்தி. "எங்களை வேண்டாம் என்கிறீர்கள் என்று நினைத்தேன்."

மகள் அதைத் தமிழில் சொன்னதும் மனிசி தட்டில் பெட்டியின் அடியில் கைவிட்டு, மஞ்சள் பூசிய ஒரு பழைய ஓலைச் சுருளை எடுத்தாள். "இது பிள்ளையின்ரை சாதகம். அவள் பிறந்த நாளிலை இருந்து சாமிக்கு முன்னாலைதான் இருக்கு. எங்களுக்குப் பெறுமதியான சாமானை நாங்கள் இஞ்சைதான் வைக்கிறது எண்டு அவருக்குச் சொல்லு பிள்ளை."

மகள் சொன்னாள். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மனிசி சாமியைக் கும்பிட, அவளைப் பார்த்துப் பார்த்து அவரும் இரண்டு கையையும் கூப்பினார்.

போத்தலை மேசையில் வைத்துத் திறந்தோம். விளக்குச் சூட்டில் இவ்வளவு நாள் கிடந்தது அல்லவா, பழம்புளி கரைத்த தண்ணீர்தான். மனிசி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாய் வைத்துவிட்டு, "புளிக்குது, சீனி போடட்டே?" என்றாள். சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மனிசன் அப்படிச் சிரிப்பார் என்று மாப்பிள்ளைக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. லண்டன் தரகன். கடைசிப் போத்தல் இன்னும் கையில் இருக்கிறது, இன்றைக்கு மட்டும் விலை குறைவு என்றான். விஷயத்தைச் சம்பந்தியிடம் சொன்னேன். அவர் போனைத் தாருங்கள் என்று கை நீட்டி வாங்கினார்.

"கடைசிப் போத்தல் இங்கே இருக்கிறது," என்றார். "நாங்கள் திறந்துவிட்டோம்."

போனை என்னிடம் தந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கிளாசை நீட்டினார்.