எழுந்திருக்காதவள்

தையல் கம்பெனியில் அவளுக்கு ராக்கெட் என்று பெயர். சட்டைக்குக் காலர் வைப்பதில் அப்படி ஒரு வேகம். காலர் எல்லோரும் திணறுகிற இடம். முனை கொஞ்சம் கோணினாலும் சட்டை பாழ். இவள் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டே வைத்துத் தள்ளுவாள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவளை அழைத்து வந்து அந்த ஸ்டூலில் உட்கார வைத்தது அதே லைனில் பட்டன் துளை போடுகிற அவள் அக்கா. தங்கையை யாராவது புகழ்ந்தால் அக்காவுக்குத் தலைகால் புரியாது. அம்மா இல்லாத வீட்டில் தலைவாரிப் பின்னி வளர்த்தவள் அல்லவா?

அந்த லைனில் ஒரு வழக்கம் இருந்தது. சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் ஓர் அட்டை தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து மாட்டும் வரை வேறு யாரும் எழுந்திருக்கக் கூடாது. அத்தனை பெண்களுக்கும் ஒரே அட்டை. எந்தப் புண்ணியவானின் மூளையில் உதித்ததோ, அவன் வீட்டில் தண்ணீர்க் குடத்துக்கும் பூட்டு இருக்கும். சட்டை கைக்குக் கை நகர்கிற வேலை. ஒருத்தி எழுந்தால் அவள் மேஜையில் துணி குவியும், அடுத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், லைன் முழுவதற்கும் ஊக்கத்தொகை போய்விடும். சூப்பர்வைசர் வாயைத் திறக்கவே வேண்டாம். பக்கத்து மெஷின்காரிகளே பார்வையால் சுட்டுவிடுவார்கள்.

சேர்ந்த புதிதில் சின்னவள் அடிக்கடி எழுந்தாள். நாலு பேரிடம் பேச்சு வாங்கிக் கண் கலங்கி நின்றவளை அக்கா ஓரமாக அழைத்துப் போனாள்.

"தண்ணி குடிச்சாத்தானே போகணும்? சாப்பாட்டு நேரம் வரைக்கும் குடிக்காத. நானும் அப்படித்தான் இருக்கேன். பழகிடும்."

பாசத்தில் சொன்னதுதான். அவளுக்கும் யாரோ ஒருத்தி அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆனால் சின்னவளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. சாப்பாட்டு நேரம் வரை என்று அக்கா சொன்னதை அவள் வீட்டுக்குப் போகும் வரை என்று ஆக்கிக்கொண்டாள். அப்புறம்தான் ராக்கெட் ஆனாள்.

முதலில் எரிச்சல் வந்தது. உடம்புச் சூடு என்று இரண்டு பேரும் முடிவு கட்டினார்கள். பிறகு குளிரும் காய்ச்சலும் வந்தன, போயின, மறுபடி வந்தன. டாக்டரிடம் போகக் கூச்சம். கல்யாணம் ஆகாத பெண் எந்த இடத்தில் எரிகிறது என்று யாரிடம் சொல்வாள்? இடுப்பு வலிக்கிறது என்றால் சூப்பர்வைசர் தன் மேஜை டிராயரிலிருந்து வலி மாத்திரை எடுத்துக் கொடுப்பார். கெட்ட மனிதர் இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். அவள் அதை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு மெஷினை மிதிப்பாள். முகம் உப்பியபோது, சதை போட்டு அழகாகிவிட்டாள், மாப்பிள்ளை பார்த்துவிட்டீர்களா என்று லைனே கேலி செய்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

ஒரு நாள் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. அப்படியும் வேலைக்கு வந்தாள். மதியத்துக்குமேல் வாந்தி எடுத்து மெஷின் மேலேயே சாய்ந்தாள். அவள் முகத்துக்கு அடியில் சிக்கிய துணியைத்தான் முதலில் உருவினார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடக்கி அடக்கி வைத்ததில் தொற்று மேலே ஏறி, மருந்தில்லாமல் கிடந்து, சிறுநீரகம் இரண்டையும் தின்றிருக்கிறது, வலி மாத்திரைகள் மிச்சத்தையும் கெடுத்துவிட்டன என்றார். இனி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த வயதில் இப்படி வந்தால் வேறு சிறுநீரகம் கிடைத்தால்தான் வழி, கிடைக்குமா என்பதைச் சொல்ல முடியாது என்றார். அக்காவுக்குத் தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டுமாம். வெளியே போக வழியில்லாத உடம்பில் அதிகம் சேர்ந்தால் நுரையீரலில் தேங்கிவிடும். தாகம் தாங்காமல் சின்னவள் உதட்டை நக்குவாள். அக்கா பஞ்சை நனைத்துத் துடைத்துவிடுவாள். வேண்டாத சாமியில்லை, ஆஸ்பத்திரியில் ஏறி இறங்காத அறையில்லை. தன் சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பரிசோதனைக்கும் கொடுத்துப் பார்த்தாள். உன்னுடையதும் சரியாக இல்லையம்மா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் மாலை வேலை முடிந்து கம்பெனி உடையோடு வந்து அக்கா கட்டிலோரம் உட்கார்ந்தாள். கையில் குழாய் ஓட, கண்ணை மூடியபடியே சின்னவள் கேட்டாள்.

"என் எடத்துல யாருக்கா?"

"ஒரு புதுப் பொண்ணு. சின்னப் பொண்ணு. காலர் வைக்கத் தடுமாறுது."

"நல்லா தண்ணி குடிக்கச் சொல்லுக்கா. யார் மொறைச்சாலும் எழுந்து போயிட்டு வரச் சொல்லு."

"சொல்றேன்."

அன்று காலையில் அந்தப் புதுப் பெண் இரண்டாவது முறையாக அட்டையை எடுக்க எழுந்தபோது, ஊக்கத்தொகை போனால் தங்கையின் மருந்துக்கு எங்கே போவது என்ற பயத்தில், "உக்காருடி" என்று அதட்டியது இந்த அக்காதான். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.