முதுகு மட்டும் போதும்

கதை கட்டுகிற அளவுக்கு எனக்கு எழுத்து வராது. மூட்டை தூக்கிப் பிழைத்தவன். நாற்பத்து மூன்று வயதில்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

கிடங்கு வேலையில் என் இடுப்பு போய், வீட்டில் முடங்கிக் கிடந்தேன். அப்போது ஓர் ஓவியர் கூப்பிட்டு வேலை கொடுத்தார். ஒரே ஆற்று வளைவைப் பனி, கோடை, மழை என்று பருவத்துக்கு ஒரு படமாக வரைகிறவர். ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டு. அதில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"முகம் வேண்டாம் தம்பி. முதுகு மட்டும் போதும். தண்ணி போற பக்கம் பார்த்து நில்லு. திரும்பினா படம் கெட்டுடும்."

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். "நிக்கிறதுக்குச் சம்பளமா? கரண்டு கம்பம்கூட சும்மாதானே நிக்குது."

பனியில் நின்றேன். அவர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். கோடையில் நின்றேன். தன் சாப்பாட்டில் பாதியைத் தந்தார். கூடப்பிறந்தவன்கூட எனக்கு அப்படிச் செய்ததில்லை. வாய் நிறைய 'அண்ணே' என்று கூப்பிட்டேன்.

மழைக்காலம் வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. தயங்கினேன்.

"மேல அணை திறந்தா எனக்கு போன் வந்துடும். உடனே விசில் அடிக்கிறேன். நான் இருக்கேன்ல?"

அந்த ஒரு சொல்லை நம்பித் திட்டில் ஏறினேன். அப்போது என் கைக்கடிகாரத்தில் மணி 3.40.

4.05. பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம். சளக்... சளக்... அண்ணன்தான் வருகிறார் என்று நினைத்தேன். படம் கெட்டுவிடுமே என்று திரும்பவில்லை. சத்தம் என் வலது தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மழை கொட்டுகிறது. ஆனால் வலது தோளில் மட்டும் ஒரு துளிகூட விழவில்லை...

"அண்ணே?"

மூச்சு மட்டும் கேட்டது. தண்ணீர் புகுந்த மூச்சு. களக்... களக்...

4.10. கணுக்காலில் தண்ணீர்.

விசில் வரும் என்று நின்றேன்.

4.16. முழங்கால்.

விசில் வரவில்லை...

என் முதுகில் ஒரு கை பட்டது. ஈரம். குளிர்.

"ஓடு. அவர் ஊத மாட்டார்."

ஓடினேன்.

திட்டுக்கும் கரைக்கும் இடையில் இருந்த வாய்க்காலில் இரண்டு முறை விழுந்து, மண்ணைப் பிடித்துக் கரையேறினேன். திரும்பிப் பார்த்தால் திட்டில் யாரும் இல்லை. திட்டையும் தண்ணீர் மூடிவிட்டது. ஓவியர் குடைக்குக் கீழே உட்கார்ந்து இன்னும் வரைந்துகொண்டிருந்தார்.

"போன் வரலையாண்ணே?"

"வந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா முடிஞ்சிருக்கும்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

படத்தைப் பார்த்தேன். திட்டில் இரண்டு பேர். ஒருவன் நான், முதுகு காட்டி நிற்கிறேன். பக்கத்தில் இருப்பவன் எங்களைப் பார்த்து நிற்கிறான்.

"யாருண்ணே இது?"

அப்போதுதான் அவரும் பார்த்தார். தூரிகை கீழே விழுந்தது. எதையும் எடுக்காமல், குடையைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டார். இன்றுவரை அவரை யாரும் பார்க்கவில்லை.

அவர் விட்டுப்போன சாமான்களை அவர் அறைக்கு நான்தான் சுமந்தேன். மூலையில், சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த ஒரு படம். நகர்த்திப் பார்த்தேன். அதே ஆறு, அதே மழை. நடுவில் ஓர் இடத்தை மட்டும் கத்தியால் சுரண்டியிருந்தார்.

படத்தின் பின்பக்கம் பென்சிலில் போன வருடத் தேதி. அதன் கீழே அவர் கையெழுத்தில் சில வரிகள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

4.10 கணுக்கால்.

4.16 முழங்கால்.

4.21 இடுப்பு.

4.29 கழுத்து. திரும்பிப் பார்த்துவிட்டான். படம் கெட்டது.