‘க்வைட் குட்’ என்றால் நல்லது இல்லை

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது எனக்கு ஒரு ஷோ காஸ் லெட்டர் வந்தது. ‘உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, காரணம் சொல்’ என்று கேட்கும் கடிதம். அதை வாங்கியதில் எனக்கு வெட்கம் ஏதுமில்லை. என் பள்ளிச் சான்றிதழ்கள் இருக்கும் அதே ஃபைலில்தான் அதையும் வைத்திருக்கிறேன்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். பணிவாக இரு, பெரியவர்கள் சொல்வதைக் கேள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் வேறு ஆளைக் கேட்டிருக்க வேண்டும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

1. நேரம் கிடைக்கும்போது

எங்கள் ஃபேக்டரியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய டியூப் செய்வோம். சலைன் ஏற்றுகிற டியூப், ரத்தம் ஏற்றுகிற டியூப் எல்லாம். அப்போது அது ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்குச் சொந்தம். நான் சேர்ந்தது கியூசியில், அதாவது சரக்கின் தரம் பார்க்கிற பிரிவில். மேனேஜர் மிஸ்டர் ஆலன். உயரமான, வெயிலில் சிவந்துபோன மனிதர்.

முதல் நாள் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டை என் மேசையில் வைத்து, “உனக்கு நேரம் கிடைக்கும்போது, நான்காம் பக்கத்தை இன்னொரு தடவை பார்க்க முடிந்தால் நன்றாக இருக்கும்” என்றார். எனக்கு அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் பார்க்கவில்லை. மறுநாள் காலை வந்து, “பார்த்திருப்பாய் என்று நினைத்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். குரல் உயரவில்லை, முகம் மாறவில்லை. மூன்று மாதம் கழித்து, வேலையை மதிப்பிடும் அப்ரைசல் தாளில் பார்க்கிறேன், ‘மேலதிகாரியின் உத்தரவை நிறைவேற்றவில்லை’ என்று எழுதியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைக் கசக்கியே விட்டேன். உத்தரவா? எந்த உத்தரவு? யார் போட்டது, எப்போது போட்டது?

அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். இடது பக்கம் அவர் சொன்னது, வலது பக்கம் அதற்கு உண்மையான அர்த்தம். ‘சுவாரசியமான யோசனை’ என்றால் வேண்டாம். ‘சின்னக் கவலை’ என்றால் பெரிய கவலை. ‘க்வைட் குட்’ என்பதற்கு வலது பக்கத்தில் ‘சுமார், அவருக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். இரண்டு அப்ரைசலில் அடி வாங்கிய பிறகு கிடைத்த அர்த்தம் அது.

அவர் கெட்டவர் இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவார். நாங்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் ஓரமாக நின்று மோர் வாங்கிக் குடிப்பார். ஏன் காவடி எடுக்கிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கூட வேலை செய்த பதினேழு வருடத்தில் என் பிள்ளைகள் பெயரையும் கேட்டதில்லை. டீ நேரத்தில் தன் நாட்டுப் பிரதமரைக் கிழிகிழியென்று கிழிப்பார், ராஜ குடும்பத்தைக் கிண்டல் செய்வார். ஒரு நாள் எங்கள் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் காதர் அண்ணனும் சேர்ந்துகொண்டு ராஜ குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். ஆலன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, “சரி, வேலை இருக்கிறது” என்று எழுந்து போனார்.

“என்னாம்மா வாசுகி, அவரே சொன்னாரு, நானும் சொன்னேன். இதுல என்னா லா தப்பு?” என்று காதர் அண்ணன் குழம்பிப்போய்க் கேட்டார்.

“அவர் வீட்டு ஆளை அவர் திட்டலாம்ண்ணே. நீங்க ஆமா போடக் கூடாது” என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

2. எல்லாமே ஆஸம்

பிறகு ஃபேக்டரியை ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. பழைய பிரிட்டிஷ் கம்பெனி எங்களிடம் டியூப் வாங்கும் கஸ்டமராக மாறியது. ஆலன் இங்கிலாந்துக்குத் திரும்பி, அவர்கள் பக்கம் தரம் பார்க்கிற பொறுப்பில் உட்கார்ந்தார். இங்கே டைரக்டராக வந்தவர் டெனிஸ் என்ற பெண்மணி.

வந்த முதல் நாளே, “மேடம் வேண்டாம், டெனிஸ் என்று கூப்பிடு” என்றார். எனக்கு வாய் வரவில்லை, ஒரு மாதம் எந்தப் பெயரும் சொல்லாமலே பேசிச் சமாளித்தேன். ஆபீஸ் தடுப்புகளை எடுத்துவிட்டார். என் பிள்ளைகள் பெயரைக் கேட்டார், மறக்கவும் இல்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பழக்கூடையோடு நேரில் வந்து நின்றார். ஆலன் இருந்திருந்தால் ஒரு கார்டு அனுப்பியிருப்பார்.

ஆனால் டெனிஸிடம் எதைக் காட்டினாலும் ‘ஆஸம்’, ‘கிரேட்’. நல்லதுக்கும் ஆஸம், சுமாருக்கும் ஆஸம். பிரச்சினை என்று ஆரம்பித்தால், “பிரச்சினையைக் கொண்டு வராதே, தீர்வைக் கொண்டு வா” என்பார்.

ஒரு நாள் கேன்டீனில் அவரே சொன்னார். மகனுக்குச் சின்ன வயதிலிருந்து சர்க்கரை நோய், தினமும் ஊசி. அந்தச் செலவெல்லாம் இவர் வேலையோடு வரும் இன்சூரன்ஸில் ஓடுகிறது. “எங்கள் ஊரில் காலையில் வேலை போனது என்று சொல்வார்கள். மத்தியானம் பெட்டியோடு வெளியே நிற்போம். இன்சூரன்ஸும் கூடவே போய்விடும்” என்றார். ஆலன் தன் ஊர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று புலம்பியிருக்கிறார். வேலை போனால் வைத்தியம் போகும் என்று அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. ஒருவரால் ஏன் அவசரமில்லாமல் வார்த்தையை மென்று மென்று பேச முடிந்தது, இன்னொருவர் ஏன் எதற்கெடுத்தாலும் சிரித்தார் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

புரிந்தது என்பதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள முடியுமா? அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். ‘முழு வாக்கியத்தில் பேசவும். கேன், கேனாட், லா ஆகியவை தொழில்முறை ஆங்கிலம் அல்ல.’ வியாழக்கிழமைதோறும் ஆங்கில வகுப்பு. மலாய், சீனர், தமிழர் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தோம்.

“இத்தனை வருஷமா கேன், கேனாட்டுலதான் மெஷின் ஓடுச்சு. மெஷினுக்கும் கிளாஸ் வைப்பாங்களா?” என்றார் காதர் அண்ணன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லா என்பது பேச்சின் கடைசியில் ஒட்டுகிற அசை, அவ்வளவுதான். முடியும் என்றால் கேன், முடியாது என்றால் கேனாட். பினாங்கில் சந்தையிலிருந்து துறைமுகம் வரை இந்த இரண்டு சொல்லில்தான் வேலை நடக்கிறது. அதைக் கழுவி எடுக்க வேண்டிய அழுக்கு மாதிரி எழுதி ஒட்டியிருந்தார்கள்.

3. யார் மொழி?

புது மாடல் சலைன் டியூப் ஒன்று. அதன் மூட்டுப் பகுதியில் சீல் சரியாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும். எங்கள் டெஸ்ட்டில் பாஸ். சாம்பிளை இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தோம். அவர்கள் டெஸ்ட் ரிப்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வீடியோ கால். திரையில் ஆலன், அவருக்குப் பின்னால் ஜன்னலில் மழை.

“மொத்தத்தில் க்வைட் குட். சீல் மட்டும், நாம் விரும்பும் இடத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்” என்றார்.

“ஆஸம்! தேங்க் யூ, ஆலன்!” என்று டெனிஸ் அழைப்பை முடித்துவிட்டார். திங்கள்கிழமை ஷிப்மெண்ட், பேக்கிங்கை ஆரம்பி என்று காதர் அண்ணனிடம் சொன்னார்.

கூட்டத்தில் பேசியதைக் குறித்துவைக்கும் மினிட்ஸ் எழுதுவது என் வேலை. நான் எழுதினேன்: ‘கஸ்டமருக்கு சீல் திருப்தி இல்லை. அனுப்பக் கூடாது.’

பத்து நிமிடத்தில் டெனிஸ் என் மேசைக்கு வந்துவிட்டார். “இது என்ன? அவர் க்வைட் குட் என்றார். நானும் அங்கேதான் இருந்தேன்.”

“அவர் ஊரில் க்வைட் குட் என்றால் சுமார் என்று அர்த்தம். உங்கள் ஊரில்தான் ரொம்ப நல்லது.”

“வாசுகி, அவர் ஆங்கிலேயர். நான் அமெரிக்கக்காரி. எங்கள் மொழியை நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “ஆமாம்” என்றேன்.

சீல் சரியில்லை என்கிறார் வாசுகி, சரக்கை அனுப்பலாமா என்று அவர் என் முன்னாலேயே ஆலனுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் வந்தது: ‘வேலையைத் தாமதப்படுத்த எனக்கு விருப்பமில்லை. வாசுகி எப்போதும்போல் நிதானமாக முடிவெடுப்பார் என்று நம்புகிறேன்.’ டெனிஸ் இதில் முதல் வரியைப் படித்தார், நான் இரண்டாவது வரியைப் படித்தேன். பதினேழு வருடம் கூட வேலை செய்த மனிதர், என் கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிறது என்று தெரிந்தும், ஒரு நேரான வார்த்தை எழுதவில்லை. டெனிஸைவிட அவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

சரக்கு வெளியே போக ரிலீஸ் ஃபார்மில் என் கையெழுத்து வேண்டும். நான் போடவில்லை. திங்கள் காலை ஷோ காஸ் லெட்டர் வந்தது. மினிட்ஸைத் திரித்து எழுதியது, உத்தரவை மீறியது என்று இரண்டு குற்றம். மினிட்ஸைத் திருத்திக் கையெழுத்துப் போடத் தயாரா என்று கேட்டு, பதில் எழுத அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள்.

காதர் அண்ணன் பதறிப்போய் வந்தார். “ரெண்டு வருஷந்தான் இருக்கு லா. போட்டுட்டுப் போம்மா. லீக் ஆனா அவங்க பாடு.”

“லீக் ஆனா எவனோ ஒரு நோயாளி பாடுண்ணே. ஃபார்ம்ல என் பேருதான் இருக்கும்.”

அந்த அரைப் பக்கத்தில் நான் ஒரே ஒரு சொல் எழுதினேன். கேனாட்.

4. ஷிப்மெண்ட்: கேன் ஆர் கேனாட்?

நான் நகலெடுத்துக் கொடுத்த அந்தப் பதில் எச்ஆர் அதிகாரிக்குத் திமிராகத் தெரிந்தது. மத்தியானமே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். டெனிஸ், எச்ஆர் அதிகாரி, சாட்சிக்குக் காதர் அண்ணன். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஆலனைக் கூப்பிடுங்கள், உங்கள் எல்லோர் முன்னாலும் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இங்கிலாந்தில் ஆபீஸ் திறக்கும் நேரம் வரை காத்திருந்தோம்.

ஆலன் திரையில் வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். “பாருங்கள், உதவி செய்யாத மாதிரி ஆகிவிடக் கூடாது. எல்லாக் கோணத்தையும் யோசித்தால்...”

“மிஸ்டர் ஆலன்” என்று நடுவில் வெட்டினேன். என் வேலைக்காலத்தில் ஒரு மேலதிகாரியின் பேச்சை வெட்டியது அதுதான் முதல் தடவை. “நீங்கள் இந்த ஊரில் பதினேழு வருடம் இருந்தவர். நாசி கண்டார் சோற்றுக் கடையில் என்ன பேசினீர்களோ அதே மாதிரி பதில் சொல்லுங்கள். ஷிப்மெண்ட், கேன் ஆர் கேனாட்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“கேனாட்” என்றார். “கேனாட் லா, வாசுகி. சூட்டில் வைத்து டெஸ்ட் செய்தபோது பத்தில் மூன்று ஒழுகியது. நான் தெளிவாகச் சொன்னேன் என்று நினைத்தேன்.”

டெனிஸ் எழுந்தே விட்டார். “நீங்கள் க்வைட் குட் என்றீர்கள்!”

“ஆமாம்” என்றார் ஆலன். “க்வைட்.”

காதர் அண்ணன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “தெளிவாகச் சொல்லவில்லை, சார். நீங்கள் சொல்லாததை நான் கேட்டதால்தான் இங்கே குற்றவாளியாக உட்கார்ந்திருக்கிறேன்” என்றேன். அவர் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டார், அதையும் ‘அநேகமாக’ என்று ஆரம்பித்துத்தான் கேட்டார்.

பேக்கிங் நின்றது. சீல் வார்க்கும் மோல்டை மாற்றினார்கள். ரிலீஸ் ஃபார்மின் கடைசி வரியில், கஸ்டமர் டிக் செய்ய நான் இரண்டு கட்டம் போட்டேன்: ‘Can’, ‘Cannot’. அமெரிக்கத் தலைமையகம் இது சரியான ஆங்கிலம் இல்லை, மாற்று என்று எழுதியது. நான் மாற்றவில்லை. நோட்டீஸ் போர்டுத் தாளை டெனிஸே வந்து கிழித்தார்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு முதலாளி வேண்டாம் என்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நீயாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு முதலாளி வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார், அவருக்கு நல்ல செய்திதான் வேண்டும். தப்பு நடந்தால் இருவரும் திரும்பி உன்னைத்தான் பார்ப்பார்கள். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உனக்குத் தெரிந்த சொல்லில், பதில் வரும்வரை கேள். அந்தச் சொல்லைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விசாரணைக்கு மறுநாள் டெனிஸ் என் மேசைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. அந்தச் சரக்கு போயிருந்தால் முதலில் பெட்டியோடு வெளியே நின்றிருக்க வேண்டியவர் அவர், அது எங்கள் இருவருக்கும் தெரியும். நடவடிக்கையை ரத்து செய்த தாளைக் கொடுத்தார். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார், அன்றைக்கு ஆஸம் எதுவும் வரவில்லை. பிறகு கொஞ்சம் தயங்கி, “அந்தப் பழைய லெட்டரைத் திருப்பிக் கொடு. கிழித்துப் போட்டுவிடலாம். நடக்காத மாதிரி மறந்துவிடலாம்” என்று கையை நீட்டினார்.

“கேனாட்” என்றேன்.