ஒரு விரல் தள்ளி

பூகோள டீச்சரின் வகுப்பில் இருந்த ஸ்மார்ட் போர்டுக்குக் கோணல் புத்தி. தொட்ட இடத்தை விட்டுவிட்டு, ஒரு விரல் வலப்பக்கம் தள்ளித்தான் புள்ளி வைக்கும். சரிசெய்ய ஆள் வருவார், வருவார் என்று சொல்லியே ஆபீஸ் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டது. டீச்சருக்கும் பழகிப்போனது. மகள் வேலை பார்க்கும் துறைமுக நகரத்தைக் காட்ட, அதற்கு இடப்பக்கம் இருக்கும் கடலைத் தொடுவாள். புள்ளி நகரத்தின் மேல் கச்சிதமாக உட்காரும். பாடத்தில் அந்த ஊர் இருக்கிறதோ இல்லையோ, எப்படியாவது தொட்டுவிடுவாள். அது டீச்சர் மகளின் ஊர் என்று வகுப்புக்கே தெரியும்.

இன்று காலை மெக்கானிக் வந்து போர்டைச் சரிசெய்துவிட்டுப் போனார். அடுத்த வகுப்பில் டீச்சர் வழக்கம்போல் தொட்டாள். புள்ளி கடலிலேயே நின்றது.

“டீச்சர், உங்க வீட்டு அக்கா கடல்ல விழுந்துட்டாங்க,” என்றாள் முன்வரிசைச் சிறுமி. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவைத்தாள்.

சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டாள்.

“என்னம்மா, குரல் ஒரு மாதிரியா இருக்கு?”

“ஒண்ணுமில்லடி, தொண்டை கட்டிக்கிச்சு. அங்க மழையா?”

“இல்லையேம்மா, நல்ல வெயில்.”

“சரி, தண்ணி நிறையக் குடி,” என்றாள் டீச்சர். ‘ஒரு தடவை வந்துட்டுப் போடி’ என்பது அதற்கு ஒரு விரல் தள்ளி இருந்தது.