அந்தோணிமேரி பைபாஸில் கவிழவில்லை

காலை ஆறரை மணிக்கு அந்தோணிமேரி முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாளித் தண்ணீர், கிழிந்த நைட்டித் துணி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பதினோரு வருடமாகத் தினமும் செய்கிற வேலைதான். இப்போது வண்டி ஓடைக்குள் இடப்பக்கமாகப் படுத்துக் கிடப்பதால், மேல் எது கீழ் எது என்று பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு வண்டியின் மேல் கீழ் பார்த்தே துடைத்தார்.

வண்டி என்றால் குட்டியானை. நாலு சக்கரம், பின்னால் திறந்த தொட்டி, கண்ணாடிக்கு மேலே மாதா படம். புதுச்சத்திரத்துக்கு உள்ளே சின்னுசாமியின் கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றி நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர் பிழைப்பு. பண்ணைக்கும் பைபாஸுக்கும் நடுவில் இருப்பது ஒரு இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண். ஓரிடத்தில் மட்டும் ஒரு பக்கத்து வேலி நின்றுபோய் ஓடைக்கரை வரும். அங்கேதான் போன வாரம் அடைமழைக்கு மறுநாள் அது நடந்தது.

கரை பிளவு விட்டிருப்பதைப் பார்த்து அவர் வண்டியை நிறுத்திவிட்டார். நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிப் பார்க்கலாம் என்று கதவில் கை வைத்தபோது இடப்பக்கச் சக்கரத்துக்கு அடியில் மண் போனது. தொட்டி நிறைய முட்டையோடு வண்டி மெதுவாக, கூச்சப்படுகிறவர் பாயில் சாய்கிற மாதிரி, ஓடைக்குள் சாய்ந்தது. வலப்பக்க ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்தவர், முழங்கையில் ரத்தம் ஒழுகுவதைப் பார்ப்பதற்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றினார். நாலு தையல் போட்டது அப்புறம். உடைந்த முட்டையைத் தின்று அந்த வாரம் அந்த வட்டாரத்து நாய்களுக்கெல்லாம் மேனி மினுமினுத்தது.

அன்று மத்தியானமே இன்சூரன்ஸ் ஏஜெண்ட் முருகானந்தம் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், சந்தேகமில்லை. பாலிசியைப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். கரையில் நின்றபடியே வழி சொன்னார்.

“அக்கா, இதைய இந்த எடத்துல காட்டுனா கிளைம் நிக்காதுங்க. ரோடு இல்லேன்னு தள்ளிருவாங்க. ஜேசிபி வெச்சுத் தூக்கி, பிரிவுல பைபாஸ் மீடியன் ஓரமாப் படுக்க வெச்சு நாலு போட்டோ எடுத்துக்கலாம். கண்ட்ரோல் இல்லாம மீடியன்ல ஏறிருச்சுன்னு எழுதிக்கலாம். பத்து நாள்ல பாஸ். எல்லாரும் இப்படித்தானுங்க பண்றாங்க.”

அந்தோணிமேரி புருவத்தைச் சுருக்கினார். “ஏஞ்சாமி, மொட்டை வெளியாக் கெடக்கற நாலு வழி ரோட்டுல, எதுக்க ஒரு வண்டியும் இல்லாம, பொம்பள அவளாக் கொண்டுபோயி மீடியன்ல ஏத்துனான்னு எழுதோணும். அதுக்கடியில நானே கையெழுத்துப் போடோணும். அதானே?”

“சும்மா பேப்பருக்குத்தானுங்கக்கா.”

“பேப்பர்லயும் நான் அப்படி ஓட்ட மாட்டேன்.”

இதைப் புரிந்துகொள்ள, இட்டேரி பைபாஸில் சேருகிற அந்தப் பிரிவிலிருக்கும் டீக்கடையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் லைசென்ஸ் எடுத்து முதல் தடவை லோடு ஏற்றியபோது, இந்தம்மா எத்தனை நாளில் கவிழ்க்கும் என்று அங்கே பந்தயம் கட்டினார்கள். ஒரு வாரம் என்றவர் உண்டு, பொங்கல் வரை தாங்கும் என்று தாராளம் காட்டியவரும் உண்டு. பொங்கல்கள் வந்துபோயின. வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. பந்தயம் கட்டியவர்கள் அதை மறக்கவும் இல்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களுக்குப் போய்த் தன் கையெழுத்தோடு விருந்து வைப்பதா?

ஆகவே வண்டி எடுக்கப்படவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்து, விழுந்த இடத்தில் விழுந்தபடி பார்த்தால்தான் எடுப்பது என்று அந்தோணிமேரி சொல்லிவிட்டார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு குடை, ஒரு பிளாஸ்க். புடவைக்கு மேலே எப்போதும் போடுகிற காக்கிச் சட்டை. காலையில் வருவார், கண்ணாடி துடைப்பார், வானத்தைப் பார்த்து நிற்கிற வலப்பக்கச் சைடு மிர்ரரைச் சரிசெய்வார். உடைந்த கரையில் சிவப்புத் துணி கட்டி, வருகிற மொபெட்காரர்களை வேலியோரமாக ஒதுங்கிப் போகச் சொல்வார். கணவர் சேவியர்ராஜ் மில் ஷிஃப்ட் முடிந்து சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முருகானந்தம் சொல்கிற மாதிரி செய்துவிட்டால்தான் என்ன என்று ஒரே ஒருமுறை கேட்டார். அடுத்த நாள் சாப்பாட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

பயம் இல்லாமலில்லை. சின்னுசாமியின் முட்டையை இப்போது வேறொரு வண்டி சுற்றுவழியில் எடுக்கிறது. இன்னும் பத்து நாள் போனால் அந்த லோடு அந்த வண்டிக்கே போய்விடும். கிளைம் தள்ளுபடியானால் குட்டியானையைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். ராத்திரியில் இதையெல்லாம் விரல்விட்டுக் கணக்குப் பார்ப்பார். விடிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆறாவது நாள் பத்து மணிக்கு சர்வேயர் தனசேகர் சேலத்திலிருந்து காரில் வந்தார். பைபாஸிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரும்படி அந்தோணிமேரி போனில் சொல்லியிருந்தார். தனசேகர் தன் ஷூவைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், காரை உள்ளே விட்டார்.

இறங்கியதும் அவர் முதல் பேச்சே இதுதான். “இது ரோடே இல்லையேம்மா. ஆஃப் ரோடுன்னு எழுதினா கம்பெனி எப்படித் தரும்?”

“ஏனுங்க சார், தீவன லாரி இதுலதான் வருது. ஸ்கூல் வேன் இதுலதான் வருது. போன மாசம் நூத்தியெட்டு வண்டியும் இதுலதான் வந்துச்சு. நாமக்கல் முட்டையெல்லாம் பைபாஸுக்கு ஆகாசத்துலயா வந்து எறங்குது?” என்றவர், சற்று நிறுத்தி, “நீங்க எதுல வந்தீங்க?” என்றார்.

தனசேகர் போட்டோ எடுத்தார். கரையை அளந்தார், வண்டிக்குள் எட்டிப் பார்த்து ஹேண்ட் பிரேக் போட்டபடியே இருப்பதையும் எடுத்துக்கொண்டார். ரிப்போர்ட்டை ஆபீசில் போய் எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு காரில் ஏறினார்.

முன்னால் கரை இல்லை. திருப்புவதற்கு இடமும் இல்லை. இருநூறு மீட்டர் ரிவர்ஸிலேயேதான் போயாக வேண்டும். முதல் முயற்சியில் கார் வலப்பக்க வேலிக்குள் புகுந்தது. முன்னே எடுத்து மறுபடி முயன்றார். இந்தமுறை இடப்பக்க வேலி. கிளுவை முள் கதவில் கிறீச்சென்று இழுத்த சத்தத்தில் அவருக்கே பல் கூசியிருக்கும். சட்டை நனைந்து, கண்ணாடியை இறக்கினார். அந்தோணிமேரி பக்கத்தில் வந்து கையை நீட்டியபடி நின்றார்.

“எறங்குங்க சார். நான் எடுத்துத் தாரேன்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு தனசேகர் இறங்கினார். அந்தோணிமேரி செருப்பைக் கழற்றிக் காருக்குள் ஓரமாக வைத்தார். வெறுங்காலில்தான் அவருக்கு பிரேக் பேசும். சிலுவை போட்டுக்கொண்டார், ஹாரனை ஒரே ஒருமுறை தொட்டார். எப்போதும் கிளம்பும்போது அடிக்கிற ஹாரன் அது. அதற்குப் பிறகு அடிக்க மாட்டார். மிர்ரர் இரண்டையும் தன் உயரத்துக்குத் திருப்பி, தலையை வெளியே நீட்டி, பின்னால் எடுத்தார். வளைவு வந்தது, குழி வந்தது, புல்லுக்கட்டோடு ஒரு மொபெட் வந்து வேலி விட்ட வயல் வழியில் ஒதுங்கி வழிவிட்டது. ஒருமுறைகூட முன்கியர் போடவில்லை. தனசேகர் ஷூவோடு சேற்றில் பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்தபோது கார் தார் ரோட்டோரம் நேராக நின்றது. அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். தான் போட்ட கீறல்கள் மட்டும்தான் இருந்தன.

“இவ்வளவு நல்லா ஓட்டறீங்க. அப்புறம் எப்படிம்மா கவுந்துச்சு?”

“அதத்தானுங்க ஆறு நாளாச் சொல்றேன். நின்ன வண்டி. மண்ணு போச்சு. அப்படியே எழுதுங்க.”

தனசேகர் குரலைத் தணித்தார். “ஒண்ணு சொல்றேன்மா. நானே பைபாஸ்னு போட்டுடறேன். சுலபமா முடிஞ்சுடும். இப்படி எழுதினா மேலே நூறு கேள்வி கேப்பாங்க. திருப்பி அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க.”

“அனுப்பட்டுமுங்க, மறுக்கா எழுதறேன். அதுக்கும் திருப்புனா நாமக்கல் கோர்ட்டுல போயி எழுதறேன். பைபாஸ்ல கவுத்தேன்னு மட்டும் நான் எழுதித் தர மாட்டேன். ஆபீசுக்கெல்லாம் வேண்டாமுங்க, இங்கயே எழுதுங்க.”

பானெட்டின் மேல் தாளை வைத்து தனசேகர் எழுதினார். விபத்து நடந்த இடம், பண்ணைக்குச் செல்லும் இட்டேரி. வண்டி நின்ற நிலையில் இருந்தது. மழையால் கரை இடிந்தது. ஓட்டுநர் மீது தவறில்லை. அந்தோணிமேரி அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசி வரியை மட்டும் மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் ஜேசிபி வந்து கரையை நிரவி, வண்டியைத் தூக்கி நிறுத்தியது. பண்ணையின் டிராக்டரில் சங்கிலி கட்டினார்கள். ஸ்டியரிங் பிடிக்க யாராவது ஆளை உட்கார வைக்கலாம் என்றார் டிராக்டர் ஓட்டுகிற பச்சமுத்து. “எம்பட வண்டிக்கு வேற ஆளா?” என்று சொல்லிக்கொண்டே அந்தோணிமேரி ஏறி உட்கார்ந்தார். செருப்பு ஓரமாகப் போனது. ஹாரனுக்கு உயிரில்லை, அதனால் சிலுவையை இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

பிரிவுக்கு வந்தபோது டீக்கடை நிறைந்திருந்தது. கிளாஸும் கையுமாக எல்லோரும் எழுந்து வெளியே வந்தார்கள். முருகானந்தமும் நின்றார். முன்னால் டிராக்டர் பைபாஸில் ஏற இடப்பக்கம் ஒடித்தது. பின்னால் நசுங்கிய கதவும், உலர்ந்த முட்டை மஞ்சளும், செத்த எஞ்சினுமாகக் குட்டியானை. பேட்டரி வயர் கழன்றபடியே இருந்ததால் இண்டிகேட்டர் எரியாது. அந்தோணிமேரி டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை. தையல் போட்ட வலக்கையை ஜன்னலுக்கு வெளியே முழு நீளத்துக்கு நீட்டி, இடப்பக்கம் திரும்புகிறேன் என்பதற்கான வட்டத்தை, ஆர்டிஓ முன்னால் போட்டுக் காட்டுகிற நிதானத்தோடு, மூன்று தடவை போட்டார்.